நூற்று ஒன்பது கிலோ

எங்கள் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை உடம்புப் பரிசோதனை உண்டு. அதற்கு ஒரு படிவம் கொடுப்பார்கள். போன மாதம் அந்தப் படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். "தூக்கத்தில் குறட்டை விடுவீர்களா? ஆம் / இல்லை." பதினெட்டு ஓட்டுநர்களும் "இல்லை" என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டதாக, என்னோடு வேலை பார்த்த டில்லி சொன்னான்.

பதினெட்டுப் பேரில் ஒருவன்கூடக் குறட்டை விடுவதில்லை. அவர்கள் படுக்கும் ரெஸ்ட் ரூமில் நான் பதினைந்து வருடம் படுத்திருக்கிறேன்.

நானாக இருந்தாலும் "இல்லை" என்றுதான் போட்டிருப்பேன். சங்கத்தில் இருந்து வந்து, இதைப் பற்றி நீயே எழுதிக் கொடு, சங்கத்தின் ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். நான் படித்தது எட்டாவது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

என் பெயர் கஜேந்திரன். பிறந்தது ராயபுரம், குடியிருப்பது திருவொற்றியூர். இருபத்தி இரண்டு வயதில் கப்பலில் சரக்குக் கட்டும் வேலைக்குப் போனேன். பிறகு ஃபோர்க்லிஃப்ட். பிறகு கிரேன். கிரேனுக்கு ஆறு மாதம் பழக்கினார்கள். அதில் கற்றுக்கொடுத்தது நிறைய. இந்தக் கதைக்கு ஒன்று போதும்.

எங்கள் கிரேனுக்கு நான்கு கால், காலுக்குக் கீழே ரப்பர் சக்கரம். உச்சியில் கண்ணாடி அறை. ஏறிப்போக அறுபத்தி இரண்டு படி. அறையின் தரையும் கண்ணாடிதான். குனிந்து கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடியே வேலை செய்ய வேண்டும். கண்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். பெட்டியைத் தூக்கி, கீழே நிற்கும் டிரெய்லர் லாரியின் மேல் உட்கார வைக்க வேண்டும். டிரெய்லரின் நான்கு மூலையிலும் முஷ்டி அளவுக்கு இரும்பு முண்டு இருக்கும். அதற்கு லாக் என்று பெயர். பெட்டியின் ஓட்டை அதன்மேல் உட்கார்ந்ததும், கீழே நிற்கும் லாக்காரன் அதைத் திருப்பிப் பூட்டுவான். அப்போதுதான் பெட்டி சாலையில் கவிழாது.

துருப்பிடித்த லாக் சில நேரம் சாய்ந்து நிற்கும். லாக்காரன் கையை உள்ளே விட்டு அதை நிமிர்த்த வேண்டும். அந்த நேரத்தில் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே நிற்க வேண்டும். அவன் கையை எடுத்து, இரண்டு எட்டு பின்னால் போய், கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். அதுவரை கிரேன்காரன் கை அசையக் கூடாது. இதுதான் விதி. ஆறு மாதப் பழக்கத்தில் இதை மட்டும் தினமும் சொன்னார்கள்.

ஒரு கிரேனுக்கு ஒரு ஷிஃப்டில் இரண்டு பேர். ஒருவர் நாலு மணி நேரம் ஓட்டினால் மற்றவர் ரெஸ்ட் ரூமில் படுக்கலாம். படுத்த நிமிஷமே எனக்குக் குறட்டை வந்துவிடும். துறைமுகச் சங்கு ஊதுவதுபோல இருக்கும் என்று எனக்கு "சங்கு" என்றே பெயர் வைத்திருந்தார்கள். "குடுத்து வெச்சவன்டா சங்கு. தலய வெச்சதும் தூங்குறான்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆரோக்கியமான உடம்பு, அதனால் நல்ல தூக்கம்.

ஆனால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மண்டை கனமாக இருக்கும். மேலே உட்கார்ந்தால் கண் செருகும். எதையாவது மென்றால் கண் திறக்கும். எங்கள் எல்லோருக்கும் இது தெரிந்த வைத்தியம். கேபினில் ஒரு பை வேர்க்கடலை எப்போதும் இருக்கும். காலையில் பொங்கல் வடை, பதினொரு மணிக்கு பஜ்ஜி, மதியம் கேண்டீன் சாப்பாடு, நடுநடுவே கடலை, ஒன்பது டீ. வேலைக்குச் சேர்ந்தபோது எழுபது கிலோ. ஐம்பத்தி ஆறு வயதில் நூற்று இருபத்தி ஒன்று.

அந்த வயதில்தான் அது நடந்தது. ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி.

மதியம் இரண்டு நாற்பது. கீழே லாக் போட்டவன் டில்லி. காசிமேட்டுக்காரன், என் வயதுதான். நான் கிரேனுக்கு வந்த நாளிலிருந்து பெரும்பாலும் அவன்தான் எனக்குக் கீழே நின்றான். அன்று டிரெய்லரின் பின் இடது லாக் சாய்ந்திருந்தது. ரேடியோவில் "இரு கஜா, லாக்கு மக்கர் பண்ணுது" என்றான். நான் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்தினேன். சரியாகத்தான் நிறுத்தினேன். அவன் கையை உள்ளே விட்டதைப் பார்த்தேன். கட்டைவிரலுக்காகக் காத்திருந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது டில்லியின் சத்தம். ரேடியோவில் இல்லை. நேராகவே மேலே கேட்டது.

நடுவில் என்ன நடந்தது என்று பிறகு யோசித்து யோசித்துச் சேர்த்துக்கொண்டேன். தலை முன்னால் சாய்ந்திருக்கிறது. கையின் கனம் நெம்புகோலின் மேல் இறங்கியிருக்கிறது. நெம்புகோல் முன்னால் போனால் பெட்டி இறங்கும். பெட்டி இறங்கி டிரெய்லரில் உட்கார்ந்துவிட்டது.

இறங்கி ஓடினேன். அறுபத்தி இரண்டு படியும் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. டில்லி டிரெய்லரின் சக்கரத்தில் சாய்ந்து நின்று, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

"கை கீது" என்றான். "கிளவுஸ்தான் போச்சு."

பெட்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் அவனுடைய கிளவுஸ் இருந்தது. பெட்டியைத் தூக்கி எடுத்தபோது அட்டைபோல இருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இன்னாடா ஆச்சு உனுக்கு?"

"தெரியலடா."

"சரி, வுடு. ரேடியோ கட்டாயிடுச்சு, போலாம்னு காதுல வுழுந்துச்சுன்னு சொல்லிடு. நானும் அத்தயே சொல்றேன்."

எங்களிடம் இது வழக்கம். ஆள் பிழைத்துக்கொண்டால் ரேடியோமேல் பழி போடுவோம். ரேடியோ கோபித்துக்கொள்ளாது.

ஷிஃப்ட் இன்சார்ஜ் ஸ்டீபன் சார் வந்தார். தூத்துக்குடிக்காரர். குடும்பத்தில் எல்லோரும் வியாபாரம், இவர் ஒருத்தர்தான் சம்பளத்துக்கு வந்தவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. காதில் ஒரு பென்சில், கையில் நீளமான நோட்டு. சின்னக் கீறலோ பெரிய விபத்தோ, முதலில் ஆளை உட்காரச் சொல்வார். தண்ணீர் கொடுப்பார். அவன் குடித்து முடிக்கிறவரை பேசமாட்டார். பிறகு மூன்று கேள்வி. எத்தனை மணிக்கு? பெட்டி எங்கே இருந்தது? ஆள் எங்கே இருந்தான்? பதிலைப் பென்சிலால் எழுதுவார். நாம் சொன்னதையே வாசித்துக் காட்டுவார். தப்பாக இருந்தால் அழித்து எழுதுவார். அவர் வாசிக்கும்போது நம் பொய் நமக்கே கேட்கும். அதனால் அவரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு நாப்பது சார்."

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"ஆள் ஒசரத்துக்கு மேல நிறுத்தினேன் சார்."

"ஆள் எங்க இருந்தாரு?"

ரேடியோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.  அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தூங்கிட்டீங்களா, கஜேந்திரன்?"

"தெரியல சார்."

"தெரியலன்னா அது தூக்கம்தான்."

மறுநாளிலிருந்து கேபின் கிடையாது. கேட்டில் உட்கார்ந்து லாரிச் சீட்டு வாங்கிப் பார்க்கும் வேலை.

கம்பெனி டாக்டர், மூச்சு சம்பந்தமான பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு ராத்திரி அங்கே படுக்கவைத்து உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். காலையில் டாக்டரம்மா ஒரு நீளத் தாளை விரித்தார்.

"தூங்குறப்ப உங்க தொண்டை மூடிக்குது. மூச்சு நிக்குது. மூளை உங்கள உலுக்கி எழுப்புது. திரும்ப மூடிக்குது. ஒரு மணி நேரத்துல நாப்பத்தி ஆறு தடவ."

"எட்டு மணி நேரம் தூங்கறேன்மா."

"படுத்திருக்கீங்க. தூங்கல."

பிறகு ஒரு வட்டம் வரைந்து காட்டினார். தூக்கம் இல்லை, அதனால் பசி, அதனால் தீனி, அதனால் கழுத்தில் கொழுப்பு, அதனால் தூக்கம் இல்லை. கழுத்தை இஞ்சி டேப்பால் அளந்தார். பத்தொன்பது. என் வேர்க்கடலைப் பையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மெஷின் ஒன்று கொடுத்தார்கள். டிபன் பாக்ஸ் அளவு. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். தொண்டை மூடாது. ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தோம் என்று அதற்குள்ளேயே ஒரு கார்டில் பதிவாகும்.

கம்பெனி டாக்டர் கேபினுக்குத் திரும்ப இரண்டு நிபந்தனை வைத்தார். மூன்று மாதம் விடாமல் மெஷின் மாட்ட வேண்டும். எடை நூற்றுப் பத்துக்குக் கீழே வர வேண்டும். இரண்டும் வேண்டும் என்றார். எனக்கு இரண்டாவதுதான் மனதில் நின்றது. எடை என்பது கண்ணுக்குத் தெரியும் விஷயம். பெட்டியின் எடையோடு வாழ்ந்தவன் நான்.

முதல் நாள் மாட்டியதும் என் மனைவி வசந்தா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"கஜேந்திரன்னு பேரு வெச்சதுக்கு இப்பதான்யா தும்பிக்க வந்துகீது" என்றாள்.

சிரித்தால் மாஸ்க்கில் காற்று பீய்ச்சும். அதனால் சிரிக்கவில்லை.

ஒரு மாதம் பாடாகத்தான் இருந்தது. மூக்கின்மேல் வடு விழுந்தது. வாய் வறண்டது. ஆனால் காலையில் மண்டை லேசாக இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட் வேலை சுலபமான வேலை, அதனால் என்று நினைத்தேன்.

எடையைத்தான் பார்த்தேன். வசந்தா சோற்றுக் கரண்டியை மாற்றினாள். சின்னக் கரண்டி. காலையில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு கருவாடு. மீன் குழம்பு உண்டு, வறுவல் கிடையாது. டீயில் சர்க்கரை கிடையாது. அவளும் அதையே சாப்பிட்டாள். ஒரே ஒருமுறை புளியந்தோப்பில் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டேன். இரண்டு தட்டு. அதை வீட்டில் சொல்லவில்லை. சட்டையை முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டாள்.

காலையில் எண்ணூர் சாலையில் நடந்தேன். நடக்கும் சாலை இல்லை அது. ஆனால் அங்கே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். ஒரு டிரெய்லர் ஐம்பது அடி. முதல் வாரம் நாற்பது டிரெய்லர் தூரம் நடந்தேன். இரண்டாவது மாதம் இருநூறு. வரிசை சின்னதாக இருக்கும் நாளில் அதே வண்டிகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

ஒரு டிரைவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"இன்னா நைனா, டெய்லி வண்டிய எண்ணிகினு போற? போலீஸா?"

"இல்லபா. வெயிட் கொறைக்கறேன்."

"நம்ம வண்டில ஏத்திவுடு நைனா. ஓசூர்ல எறக்கிடறேன்."

எடை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எடைமெஷின் இல்லை. என் கொழுந்தியாள் மல்லிகா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மொத்தமாக மீன் விற்கிறாள். கூடை கூடையாக எடைபோட இரும்புப் பலகை வைத்த எலக்ட்ரானிக் தராசு அவளிடம் உண்டு. மீன் கூடையையே தூக்கிப் பார்க்கும் தராசு, என்னைத் தூக்காதா என்று அதில் ஏறி நின்றேன். எண் தெரியும் டப்பா அவள் பக்கம் திரும்பியிருக்கும். அவள்தான் வாசிப்பாள். ஏலம் விட்டுப் பழகிய தொண்டை.

"நூத்திப் பத்தொம்போது! ஐஸ் வெக்காத சரக்கு! யாருக்கு வேணும், கேளு!"

கூடை வாங்க வந்த பெண்கள் விடுவார்களா?

"தலயும் வாலும் வெட்டிட்டு எவ்ளோ தேறும்?"

"வயிறு மட்டும் தனியா குடுப்பியா மல்லிகா?"

"எக்கா, எங்க மாமா. கொஞ்சம் மர்யாதயா வெல கேளு" என்பாள் மல்லிகா.

ஆஸ்பத்திரியில் நூற்று இருபத்தி ஒன்று, இங்கே நூற்றுப் பத்தொன்பது. ஷூ, பேண்ட், பெல்ட் என்று கணக்குச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் போனேன். பதினெட்டு. பதினேழரை. பதினாறு. நான்காவது மாதம் பதினாலு. அங்கேயே நின்றுவிட்டது. மூன்று வாரம் பதினாலு, பதினாலு, பதினாலு. டிரெய்லர் எண்ணிக்கையைக் கூட்டினேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். அசையவில்லை.

நான்காவது ஞாயிறு மல்லிகா கத்தினாள்.

"மாமா! நூத்தி ஒம்போது!"

"சரியா பாரு."

"கண்ணு இன்னா போச்சா எனக்கு? நூத்தி ஒம்போது! எறங்கி ஏறு."

இறங்கி ஏறினேன். நூற்று ஒன்பது. அங்கே நின்ற பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி என் தலையைச் சுற்றித் திருஷ்டி கழித்து ஐஸ் தண்ணீரை உதறினாள். மல்லிகா ஒரு வஞ்சிரத் துண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "அக்காகிட்ட சொல்லி வறுத்துத் துன்னு மாமா, ஒரு நாளிக்கி" என்றாள்.

அன்றைக்கு நான் மாஸ்க்கை மாட்டவில்லை.

"இன்னாயா, தும்பிக்கய காணோம்?" என்றாள் வசந்தா.

"எறங்கிடுச்சு இல்ல. இனிமே தேவ இல்ல."

"டாக்டரம்மா சொல்லிச்சா?"

"தராசு சொல்லிச்சு."

கொழுப்பால் வந்தது, கொழுப்போடு போனது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. குறட்டை திரும்ப வந்துவிட்டது என்று ஒரு வாரத்தில் வசந்தா சொன்னாள். பழைய பழக்கம், போய்விடும் என்றேன். காலையில் மண்டை கனத்தது. பசி அதிகமானது. அதையும் சாப்பாடு குறைந்ததால் என்று எடுத்துக்கொண்டேன். மனிதன் நம்ப விரும்பினால் எதற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

பரிசோதனை நாள் வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு மல்லிகாவின் தராசு நூற்று எட்டு காட்டியது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கம்பெனி டாக்டர் அறையில் உள்ள எடைமெஷின்மேல் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றேன்.

நூற்றுப் பதினைந்து.

"மிஷின் தப்பு சார்" என்றேன்.

டாக்டர் அவரே ஏறி நின்று காட்டினார். இறங்கி, என் மாஸ்க் மெஷினின் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டார். நாள்வாரியாகக் கோடு கோடாக வந்தது. கடைசியில் கோடே இல்லை. முப்பத்தி ஏழு நாள்.

அங்கிருந்து நேராக காசிமேடு போனேன். மல்லிகாவை நகரச் சொல்லிவிட்டு, எண் தெரியும் டப்பாவை என் பக்கம் திருப்பினேன். தராசின்மேல் ஒன்றும் இல்லை. எண்ணில் கழித்தல் குறி போட்டு ஏழு என்று இருந்தது.

"இது இன்னா மல்லிகா?"

"கூட கழிவு மாமா."

"இன்னா கழிவு?"

"மீனு மட்டும் எவ்ளோன்னு தெரிய வோணாவா? கூட வெயிட்ட மொதல்லியே கழிச்சி வெச்சிருவோம். முன்னாடி சின்ன கூட, ரெண்டு கிலோ. இப்ப பெரிய கூட வந்துகீது, ஈரத்தோட ஏழு. இது ஊருக்கே தெரியுமே? உனுக்குத் தெரியும்னுதான் நான் சொல்லல. நீ கிரேனு ஓட்றவன் ஆச்சே மாமா."

தெரியும்தான். காலிப்பெட்டியின் எடையைக் கழித்தால்தான் சரக்கின் எடை. முப்பது வருடம் அந்தக் கணக்கோடு வாழ்ந்தேன். ஒரு கண்டெய்னரின் எடைச்சீட்டில் கழிவு எழுதாவிட்டால் தூக்க மாட்டேன். ஆனால் நானே சரக்காக ஏறி நின்றபோது கழிவைக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கைதட்டல் ஞாயிறன்று நூற்றுப் பதினாறிலிருந்து நான் அசையவே இல்லை. கூடைதான் மாறியிருக்கிறது.

மல்லிகா அழ ஆரம்பித்துவிட்டாள். "வுடு, உன் மேல தப்பில்ல" என்றேன். இல்லைதான்.

மறுநாள் ஸ்டீபன் சார் கேட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"முப்பத்தி ஏழு நாள்" என்றார்.

"ஆமா சார்."

"எடை தராசோட தப்பு. மாஸ்க்?"

"என் தப்பு சார்."

எழுதினார். வாசித்துக் காட்டினார். பிறகு, "நாளையில இருந்து டில்லிகூட லாக் போடுங்க" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அவர் எப்போதும் சொல்வதில்லை.

கிளவுஸ் போட்டுக்கொண்டு டில்லியோடு கீழே நின்றேன். மேலே வேறு ஒரு ஓட்டுநர். முதல் பெட்டி வந்தது. எல்லா லாக்கும் நேராக இருந்தது. மூன்றாவது டிரெய்லரில் ஒன்று சாய்ந்திருந்தது. டில்லி கண்ணைக் காட்டினான். நான் கையை உள்ளே விட வேண்டும்.

தலைக்கு மேலே இருபது டன். அதற்கு மேலே கண்ணாடி அறை. கீழேயிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் வானம்தான் தெரியும். ஆள் தெரியமாட்டான். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. மேலே இருந்து எனக்கு டில்லியின் மூக்குவரை தெரியும். அவனுக்கும் நான் தெரிவேன் என்று நினைத்திருந்தேன்.

"மேல கீறவன் முழிச்சிகினு கீறானான்னு எப்டிடா தெரியும்?"

"தெரியாது."

"அப்பறம்?"

"நம்பிதான் கைய வுடணும். இத்தினி வர்சமா உன்ன நம்பி அப்டித்தான வுட்டுகினு இருந்தேன்?"

சண்டைக்குச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். நான் கையை விட்டேன். லாக்கை நிமிர்த்தினேன். கையை எடுத்து, இரண்டு எட்டு பின்னால் போய், கட்டைவிரலைக் காட்டினேன். சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மாஸ்க்கை எடுத்துத் துடைத்து மாட்டினேன். அதற்கப்புறம் விட்டதில்லை. பத்து நாளில் காலைப் பசி அடங்கியது. லாக் வேலை நாள் முழுக்க நடைதான். டிரெய்லர் எண்ண வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகா தராசைத் துடைத்து, டப்பாவை என் பக்கம் திருப்பி, "சைபர் பாத்துக்க மாமா" என்று காட்டிவிட்டுத்தான் ஏறவிடுவாள். இறங்குமுகம் மெதுவாகத்தான் இருந்தது. வாரத்துக்கு அரைக் கிலோ. சில வாரம் அதுவும் இல்லை. நடுவில் நீர்க்கட்டு, சளி, ஒரு சாவு வீடு, ஒரு காதுகுத்து. எட்டு மாதம் ஆனது. கம்பெனி டாக்டரின் மெஷினில் நூற்று எட்டு. கார்டில் ஒரு நாள் விடாமல் கோடு.

கேபின் கிடைத்தது. ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

முதல் நாள் மேலே ஏறி உட்கார்ந்து ரேடியோவைப் போட்டேன். கீழே டில்லி. வழக்கமாக முதல் பெட்டிக்கு "போலாம்" என்பான். அன்று சொல்லவில்லை.

"மாட்டினியா கஜா?"

"மாட்டினேன்."

"போலாம்."

அன்றிலிருந்து தினமும் அது வழக்கமானது. பக்கத்துக் கிரேன்காரர்கள் ரேடியோவில் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். "இன்னாத்த மாட்டினியாம்?" என்று அசிங்கமாகவும் கேட்பார்கள். டில்லி பதில் சொல்லமாட்டான். நான் "மாட்டினேன்" என்று சொல்லாமல் அவன் கட்டைவிரல் எழாது. மெஷினின் கார்டை டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார். டில்லி தினமும் கேட்பான். அவனிடம் கார்டு இல்லை. என் வாய் மட்டும்தான்.

கடைசி நாளுக்கு முந்தைய ராத்திரி காற்றும் மழையும். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. பொழுது விடிந்துதான் கரண்ட் வந்தது. மாஸ்க் இல்லாமல்தான் படுத்தேன். எழுந்தபோது பழைய மண்டைக்கனம். அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு யார்டில் எனக்கு மாலை போடுவதாக ஏற்பாடு. வசந்தா வெள்ளைச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். "மேல இருந்தே ரிட்டேர் ஆவணும்னு ஒத்தக் கால்ல நின்ன. ஆயிட்டு வா" என்றாள்.

அறுபத்தி இரண்டு படி ஏறினேன். உட்கார்ந்தேன். முதல் டிரெய்லர் வந்து நின்றது. டில்லி அதன் நான்கு மூலையையும் சுற்றி வந்தான். மேலே பார்த்தான். அவனுக்குத் தெரிவது வானம்தான்.

"மாட்டினியா கஜா?"

மாட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள்தான். கார்டை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

"மாட்டல. கரண்ட் இல்ல."

டில்லி ரேடியோவை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"கடைசி நாள்டா."

"தெரியும்."

"மெதுவா ஓட்டேன். நான் சும்மா சும்மா கூப்ட்டுகினே இருக்கேன். தூங்க மாட்ட."

"லாக்கு சாஞ்சிருந்தா கைய வுடுவியா?"

பக்கத்துக் கிரேன்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை.

"எறங்கு" என்றான் டில்லி.

இறங்கினேன். ஸ்டீபன் சார் கீழேயே நின்றிருந்தார். அவரிடமும் ரேடியோ உண்டு. காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழு பத்து சார்."

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"தூக்கவே இல்ல சார்."

"ஆள் எங்க?"

"ரெண்டு பேரும் கீழதான் சார்."

எழுதினார். வாசித்துக் காட்டவில்லை. நோட்டை மூடினார். மாற்று ஓட்டுநர் மேலே ஏறிப் போனார். டில்லி தன் பையிலிருந்து ஒரு ஜோடி புதுக் கிளவுஸை எடுத்து என் கையில் வைத்தான்.

அன்று முப்பத்தி நாலு பெட்டி. நாலு மணிவரை நானும் அவனும்தான் லாக் போட்டோம். மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். வெள்ளைச் சட்டை மாற்ற நேரம் இல்லை. போட்டோ எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அதில் கழுத்தில் மாலை, கையில் கிளவுஸ். கழற்ற மறந்துவிட்டேன்.